பதவி உயர்வு மறுக்கப்படும் இடம்

2020 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஒரு சிறப்புத் தேர்வு வாரியத்தைக் கூட்டியது. குறுகிய காலப் பணியில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சீருடை அணிந்திருந்த 615 பெண் அதிகாரிகளில் யாருக்கெல்லாம் நிரந்தரப் பணி தரலாம் என்று பார்ப்பது அதன் வேலை. மருத்துவப் பரிசோதனையும் முடிந்து தேறியவர்கள் 277 பேர். தேறாதவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 மார்ச் 25 அன்று தீர்ப்பு வந்தது. அளவுகோல்கள் திருத்தப்பட்டு, கோப்புகள் மறுபடி பிரிக்கப்பட்டன. இந்த முறை தேறியவர்கள் மொத்தம் 424 பேர். கூடுதலாக வந்த 147 பேரில் ஒருவரும் இடைப்பட்ட மாதங்களில் புதிதாக எதையும் சாதித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய பணிப்பதிவு இருந்தபடியேதான் இருந்தது. முதல் தடவை அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் கேள்வி.

பதவி உயர்வில் பெண்களுக்கு அநீதி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது ஓர் அறை. நீள மேசை, சுற்றி நான்கைந்து ஆண்கள், "பொம்பளைக்கு எதுக்குய்யா இந்தப் போஸ்ட்டு" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்த அறைக்குள் இருப்பவர்கள் மதிப்பெண்களைக் கூட்டுகிறார்கள், ஒப்பிடுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். முடிவு ஐந்து வருடத்துக்கு முன்போ பத்து வருடத்துக்கு முன்போ வேறு யாரோ எழுதிய காகிதங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காகிதங்களைப் பார்க்காமல் அந்த அறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாகுபாட்டைப் பிடிக்கவே முடியாது. இந்திய நீதிமன்றங்கள் இதைப் புரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

விதியிலேயே எழுதி வைத்திருந்த காலம்

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் பிறந்த சி.பி. முத்தம்மா, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆண்கள் யாரிடமும் அப்படி எழுதி வாங்கவில்லை. 1970-இல் ஹங்கேரிக்கு இந்தியாவின் தூதராகப் போனார். அதற்கடுத்த படியான முதல் நிலைக்கு உயர்த்த வேண்டிய நேரத்தில், தகுதி போதவில்லை என்று அவரை ஒதுக்கிவிட்டு, பின்னால் சேர்ந்தவர்களை மேலே ஏற்றினார்கள். முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்கு அந்த உயர்வைக் கொடுத்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்புவரை தகுதியில்லாதவர் திடீரென்று தகுதியானவர் ஆனார். 1979 செப்டம்பர் 17 அன்று தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கேட்டது கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தார். மனுவைத்தான் தள்ளுகிறோம், பிரச்சினையைத் தள்ளவில்லை என்றும் சேர்த்து எழுதினார். இடையில் இழந்த பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும் சொன்னார்.

அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய விதிகளை இன்று படித்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. ஒரு பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன்பு அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அரசு கருதினால், எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். இன்னொரு விதி, மணமான பெண் எவருக்கும் இந்தப் பணியில் நியமனம் பெறும் உரிமை கிடையாது என்றது. குடும்பம் ஆணின் வேலைக்கும் இடைஞ்சலாகலாமே, அவருக்கு ஏன் இந்த விதி இல்லை என்று கிருஷ்ணய்யர் நேரடியாகக் கேட்டார். வழக்கு முடிவதற்குள் ஒரு விதி நீக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை நீக்கப்போவதாக அரசு சொல்லியிருந்தது.

முத்தம்மா பணியில் சேர்ந்த காலத்தில் மதராஸ் மாநிலத்திலும் இதே கதைதான். 1951-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து மதராஸைத் தேர்ந்தெடுத்த அன்னா ராஜம் ஜார்ஜின் நியமன ஆணையிலும், திருமணம் ஆனால் வேலை போகும் என்ற வரி இருந்தது. மாவட்டப் பணி வேண்டாம், தலைமைச் செயலகத்தில் இருந்துகொள்ளலாம் என்று ராஜாஜி அரசு சொன்னபோது அவர் மறுத்து வாதாடி, ஓசூர் சப்-கலெக்டர் ஆனார். அந்த வாதாட்டத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். மாவட்டத்தில் வேலை பார்க்காத ஓர் ஆட்சிப் பணி அதிகாரிக்குப் பின்னாளில் உயர்பதவி பேச்சு வரும்போது, "களத்தில் அனுபவம் இல்லையே" என்று சொல்வது மிகச் சுலபம். செயலக நாற்காலியை அன்றைக்கு அவர் மரியாதையாக ஏற்றுக்கொண்டிருந்தால், இருபது ஆண்டுகள் கழித்து வரும் மறுப்புக்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகியிருக்கும்.

முத்தம்மா தீர்ப்பில் ஒரு சலுகையும் இருந்தது. எல்லாத் தொழிலிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுமைப்படுத்தவில்லை, சில வேலைகளின் தன்மையும் சில சமூகப் பிரிவுகளின் நிலைமையும் விதிவிலக்கைக் கட்டாயமாக்கலாம் என்று நீதிபதி எழுதிவைத்தார். நல்லெண்ணத்தோடு திறந்து வைத்த அந்தக் கதவின் வழியாகப் பின்னால் எத்தனையோ வாதங்கள் உள்ளே வந்தன. இரண்டே ஆண்டுகளில், 1981-இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் முதல் கர்ப்பத்தோடு வேலை முடியும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியது. ஆனால் அதே விமானத்தில் அதே பயணிகளைக் கவனிக்கும் ஆண் பணியாளர்களுக்கு நீண்ட பணிக்காலமும் கூடுதல் உயர்வு வாய்ப்பும் இருந்ததை, அவர்கள் தனிப் பிரிவினர் என்று சொல்லி ஏற்றுக்கொண்டது. இரண்டு ஏணிகள் செய்து, ஒன்றைக் குட்டையாகச் செய்துவிட்டால், ஏறவிடாமல் யாரையும் தடுக்க வேண்டிய தேவையே இல்லை.

பரங்கிமலையிலிருந்து கர்னல் பதவி வரை

ராணுவத்தின் மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்ப்பது 1992-இல் தொடங்கியது. அவர்களுக்கான பயிற்சி சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடந்தது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது ராணுவத்தின் சார்பில் தொலைக்காட்சியில் விளக்கம் கொடுத்த கர்னல் சோஃபியா குரேஷியும் அங்கே பயின்றவர்தான். பெண்களுக்குக் கிடைத்தது குறுகிய காலப் பணி மட்டுமே: முதலில் 5 ஆண்டு, பிறகு 10, கடைசியில் 14 என்று நீட்டினார்கள். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு வேண்டும். 14 ஆண்டு முடிந்து ஓய்வூதியம் இல்லாமல் வெளியே போவதுதான் அவர்களுக்கு விதித்த பாதை. ஆண்களோ இடையில் விண்ணப்பித்து நிரந்தரப் பணிக்கு மாறிக்கொள்ளலாம்.

இங்கே ராணுவத்தின் ஏணி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். லெப்டினென்ட் கர்னல் வரை காலம் வந்தால் உயர்வு வந்துவிடும். கர்னல் என்பது தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் முதல் பதவி. அந்தத் தேர்வில் எடை போடப்படுவது, ஒரு படைப்பிரிவையோ அதன் பகுதியையோ தலைமை தாங்கி நடத்திய காலத்து அறிக்கைகள். தலைமைப் பொறுப்பே பெண்களுக்குத் தரப்படுவதில்லை என்றால், அவர்களைக் கர்னலாக்க மறுக்கத் தனியாக ஒரு விதி எழுத வேண்டியதில்லை.

2010 மார்ச் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்கு நிரந்தரப் பணி தரச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்துவிட்டு, தீர்ப்பையும் நடைமுறைப்படுத்தாமல் ஒன்பது ஆண்டுக்கு மேல் ஓட்டியது. 2019 பிப்ரவரியில் கூடுதல் பிரிவுகளில் நிரந்தரப் பணி தருகிறோம், ஆனால் அலுவலகப் பொறுப்புகள் மட்டும்தான், தலைமைப் பொறுப்பு கிடையாது என்று ஒரு கொள்கை வந்தது. கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலைக்கு இன்னும் பழகவில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலமாகவே சொன்னது. 1979 தீர்ப்பு விட்டுவைத்த விதிவிலக்கின் வாடை இதில் அடிக்கிறது. கிராமத்து இளைஞனுக்கு உத்தரவுக்குக் கட்டுப்படக் கற்றுக்கொடுப்பதுதானே ராணுவப் பயிற்சி? அவனுடைய கூச்சத்துக்கு ஒரு பெண் அதிகாரியின் வாழ்நாள் உழைப்பு ஏன் விலையாக வேண்டும்? 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளி, தலைமைப் பொறுப்புக்குப் போட்டிருந்த ஒட்டுமொத்தத் தடையை நீக்கியது.

அதன் பிறகு கூடிய வாரியம்தான் 615 பேரில் 277 பேரைத் தேர்ந்தெடுத்த வாரியம். இந்தத் தடவை பெண்களுக்கு எதிராக விதியில் ஒரு வார்த்தை கிடையாது. ஆண்களுக்கு வைத்த அதே மதிப்பெண் முறை, அதே மருத்துவத் தரம். பெண் அதிகாரிகளை வீழ்த்தியது இந்த 'அதே'தான்.

மருத்துவத்தை முதலில் பார்ப்போம். ஆண்களுக்கு 5-ஆவது அல்லது 10-ஆவது ஆண்டில், இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும், இந்தச் சோதனை நடந்திருந்தது. அதே தரத்தைப் பெண்களிடம் கேட்டபோது பலர் நாற்பதைக் கடந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வயதில் ஏன் சோதனை நடந்தது? 2010 தீர்ப்பை அரசு நிறைவேற்றாமல் இழுத்தடித்ததால். தாமதம் செய்தவர் ஒருவர், அதற்கு உடம்பால் விலை கொடுத்தவர் இன்னொருவர். மதிப்பெண்ணிலும் ஒரு கண்ணி இருந்தது. 60 சதவீதம் எடுத்தால் மட்டும் போதாது, அந்தந்த ஆண்டுப் பிரிவில் கடைசியாகத் தேறிய ஆணின் மதிப்பெண்ணையாவது எட்ட வேண்டும் என்றார்கள்.

காகிதத்துக்குள்

மூன்றாவதாக வருவது ஏசிஆர் என்று எல்லா அரசு அலுவலகங்களிலும் சொல்லும் ஆண்டு ரகசிய அறிக்கை. என் பார்வையில் இந்த வழக்கின் மையமே இதுதான்.

ராணுவத்தில் இதை நேரடி மேலதிகாரி எழுதுவார். அவருக்கு மேலே இருப்பவர்கள் பார்த்துத் தங்கள் மதிப்பீட்டையும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் 9 வரை எண் போட வேண்டும். ஒரு மேலதிகாரியின் கீழே இரண்டு கேப்டன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண், அடுத்த வருடம் நிரந்தரப் பணிக்கான வாரியத்துக்குப் போகிறவர், எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய வாழ்க்கை. இன்னொருவர் பெண். நன்றாக வேலை செய்கிறார்தான். ஆனால் எப்படி எழுதினாலும் 14 ஆண்டில் வீட்டுக்குப் போகப்போகிறவர். நிரந்தரப் பணிக்குத் தகுதியானவரா என்ற கேள்வியே அவர் விஷயத்தில் எழாது. மேலதிகாரிக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு வெறுப்பும் இல்லாமல் இருக்கலாம். ஒன்பதை யாருக்குப் போடுவார்? முக்கியமான பயிற்சி வகுப்புக்கு ஓர் இடம் வந்தால் யாரை அனுப்புவார்? பெண்ணின் காகிதத்தில் 'நல்லவர், நம்பகமானவர்' என்று இரண்டு வரி எழுதி மூடிவிடுவார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வாரியம் அந்தக் காகிதத்தை எடுத்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, 'ஆணும் பெண்ணும் ஒரே தராசில்தான்' என்று சொல்லும்.

இதைத்தான் தொடக்கத்தில் சொன்ன 2021 மார்ச் தீர்ப்பு, லெப்டினென்ட் கர்னல் நித்திஷா வழக்குத் தீர்ப்பு, உடைத்துக் காட்டியது. எதிர்காலமே இல்லை என்று நினைத்து எழுதிய அறிக்கைகளைக் கொண்டு எதிர்காலத்தைத் தீர்மானிக்க முடியாது என்றது. அதுவும் 5-ஆவது, 10-ஆவது ஆண்டு வரையிலான அறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வாங்கிய பதக்கங்களையும் பாராட்டுகளையும் ராணுவம் ஒதுக்கியிருந்தது. மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை இந்திய அரசியல் சாசனத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியது இந்தத் தீர்ப்பில்தான். கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பார்வைக்கு நடுநிலையான விதி, ஏற்கெனவே இருக்கும் பாதகத்தை மேலும் அழுத்தினால் அதுவே பாகுபாடு. இதற்கு நீதிமன்றம் துணைக்கு அழைத்த வழக்குகளில் ஒன்று 1971-இல் அமெரிக்காவில் டியூக் மின் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் கூலிப் பிரிவிலிருந்து மேலான பிரிவுகளுக்கு மாற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்ட நிறுவனம் அது. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை; ஆனால் நல்ல பள்ளிக்கூடமே மறுக்கப்பட்டவர்களின் மேல்தான் அது விழுந்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2023 ஜனவரியில் 108 கர்னல் இடங்களுக்கு 244 பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தார்கள். அப்போது எந்த நாள் வரையிலான அறிக்கைகளைச் சேர்ப்பது என்பதில் மறுபடி சிக்கல். பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பு கிடைக்கத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். கடைசி அறிக்கைகளை வெட்டிவிட்டால் அந்த அனுபவம் கணக்கில் வராது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதையும் தவறு என்று சொல்லி, பெண்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதை எப்படியாவது தட்டிக்கழிக்க வழி தேடும் மனப்போக்கு இது என்று கண்டித்து, மறுபடி வாரியத்தைக் கூட்டச் சொன்னது.

இந்தக் காகிதத்தைச் சம்பந்தப்பட்டவரே பார்க்க முடியுமா? 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏசிஆரில் உள்ள எல்லா மதிப்பீட்டையும், நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவருக்கு 'நன்று' என்று போட்டிருந்தார்கள்; உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும்; நன்று என்பது குறையே இல்லையே என்று அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. பாராட்டு போலத் தெரியும் சொல்லே கதவை அடைத்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அரசு அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்கள் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, ஒப்பவில்லை என்றால் அப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ஆனால் ராணுவ அதிகாரிகளுக்கு இது பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பே விலக்கு அளித்திருக்கிறது.

கம்பெனிகளில்

தனியார் துறையில் காகிதத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸுக்கு அது கிடைத்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரராக முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். பல கோடி டாலர் அரசு ஒப்பந்தத்தை வென்று கொடுத்தவர். பங்குதாரர்கள் எழுத்தில் கொடுத்த கருத்துகளில், ஆண்பிள்ளைத்தனம் அதிகம், நளினம் கற்றுக்கொள்ளட்டும் என்ற ரீதியில் இருந்தது. பெண்மையோடு நடந்து, பெண்மையோடு பேசி, ஒப்பனையும் நகையும் அணிந்தால் வாய்ப்பு கூடும் என்று ஆலோசனையும் சொன்னார்கள். எழுத்தில் இருந்ததால்தான் 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை அவர் நின்று ஜெயிக்க முடிந்தது.

நம் ஊர் ஐடி அலுவலகங்களில் யாரும் இப்படி எழுதுவதில்லை. பிரசவ விடுப்பு முடிந்து ஒருவர் திரும்பி வருகிறார். மேனேஜர் உண்மையான அக்கறையோடு சொல்கிறார்: "பாப்பா இன்னும் சின்னது. நைட் கால் எல்லாம் உங்களுக்குக் கஷ்டம்மா. கொஞ்ச நாள் சப்போர்ட்ல இருங்க, அப்புறம் பாத்துக்கலாம்." கிளையன்ட்டோடு பேசும் வேலை இன்னொருவருக்குப் போகிறது. ஆன்சைட்டுக்கு அவர் பெயரைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள், கேட்டால் சங்கடப்படுவார் என்று. ஆறு மாதம் விடுப்பில் இருந்த ஆண்டுக்கு நடுத்தர ரேட்டிங். இரண்டு வருடம் கழித்து லீட் பதவிக்குப் பட்டியல் போடும்போது, "கிளையன்ட் எக்ஸ்போஷர் இல்லையே" என்கிறார்கள். அது உண்மையும்கூட. அந்த அனுபவம் எப்படி இல்லாமல் போனது என்று கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. ஓசூருக்குப் பதிலாகத் தலைமைச் செயலகம் என்று அன்னா ராஜத்துக்குச் சொன்ன அதே அக்கறைதான் இது.

இந்தப் பெண் எங்கே போவார்? அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு தரும் சமவாய்ப்பு அரசு வேலைக்குத்தான். தனியாருக்கும் பொருந்திய சட்டம் 1976-இன் சம ஊதியச் சட்டம். 1987-இல் அதைத் திருத்தி, வேலைக்குச் சேர்த்த பிறகு பதவி உயர்விலும் பயிற்சியிலும் இடமாற்றத்திலும் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். உயர்வும் பயிற்சியும் ஒரே வரியில் வருவதைக் கவனியுங்கள். எழுதியவர்களுக்கு ஏணி எங்கே உடைகிறது என்று தெரிந்திருந்தது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதில் பணி நிபந்தனைகளில் பாகுபாடு கூடாது என்ற பொதுவான சொற்றொடர் மட்டும் இருக்கிறது. பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் என்ற மூன்று சொற்களும் போய்விட்டன. நீதிமன்றம் பொதுச்சொல்லுக்குள் அவற்றைப் படித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கையில் இருந்த தெளிவான சொல்லை ஏன் விட வேண்டும்?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்கு ஆண்டுதோறும் தரும் பொறுப்பு அறிக்கையில் ஆண், பெண் இருவரின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தங்கியவர்கள் எத்தனை பேர், எத்தனை பெண்களுக்கு அப்ரைசல் நடந்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த அப்ரைசலுக்குப் பிறகு எத்தனை பெண்களுக்கு, எத்தனை ஆண்களுக்கு உயர்வு கிடைத்தது என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அதைச் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. செபியின் ஒரு சுற்றறிக்கை போதும். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளில் அந்தக் கணக்கு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது.